பதினேழாம் பெட்டி

சென்னைக்கும் சாவ் பாவ்லோவுக்கும் இடையே பதினான்காயிரத்து முந்நூறு கிலோமீட்டர். நேர் விமானம் பதினேழு மணி நேரம் பறக்கும். வேலவனின் மனைவி தாட்சாயணிக்கு மட்டும் அது கண்ணை மூடித் திறக்கிற நேரம்.

அவள் பெட்டியில் போகிறவள். பெட்டி என்ற சொல்லை விமான நிறுவனம் விரும்பவில்லை. விளம்பரங்களில் எல்லாம் 'அமைதி அறை' என்றே எழுதியது. ஆனால் ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமுமாக, மூடி போட்ட ஒன்றை ஜனங்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? உள்ளே படுத்தால் மூடி இறங்கும். குளிர் ஏறும். இதயம், மூச்சு, முடி, நகம் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். பசிக்காது, கனவு வராது, கால் மரக்காது. மூடி திறக்கும்போது ஊர் மாறியிருக்கும்.

பயணம் களைப்பே தராது என்று ஆனபிறகு கம்பெனிகளுக்கு இரக்கமும் போய்விட்டது. தாட்சாயணி ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பவள். பச்சைத் தோலை விரலால் தடவியே அந்த மாடு எந்தப் பக்கம் முள்வேலியில் உரசியது என்று சொல்லிவிடுவாள். கம்பெனிக்கு இங்கேயும் அவள் விரல் வேண்டும், அங்கேயும் வேண்டும். திங்கள் போய் புதன் திரும்புவாள்; வியாழன் போய் சனி திரும்புவாள். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு பயணத்துக்கு இருபத்தொரு மணி நேரம் பெட்டியில் இருப்பாள்.

இதன் கணக்கை முதலில் போட்டுச் சொன்னது அவர்கள் மகள் நறுமுகைதான். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

"அப்பா, இருபத்தொண்ணு நாலு தடவைன்னா எண்பத்து நாலு. வாரத்துக்கு நூத்தி அறுபத்தெட்டு மணி. அப்போ அம்மாக்குப் பாதி வாரம்தான் வயசாகுது?"

"ஆமா."

"அப்போ நான் பெரியவளானதும் அம்மா எனக்கு அக்கா மாதிரி இருப்பாங்களா?"

"அவ்வளவு எல்லாம் ஆகாது, போ" என்று வேலவன் சிரித்தான். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

வேலவன் அதே விமான நிலையத்தில் பெட்டிகளின் தொழில்நுட்ப ஊழியன். மூடியை இறக்கி, குளிரின் ஆழத்தைச் சரிபார்த்து, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த பெட்டிக்குப் போவது அவன் வேலை. வாரம் இரண்டு முறை தன் மனைவிக்கும் அவன்தான் மூடி இறக்குவான். அவள் பதினாறாம் பெட்டி. பதினேழில் எட்வின்.

எட்வின் அதே கம்பெனியில் விலை பேசுகிறவன். அவள் தோலைப் பார்ப்பாள், அவன் பேரம் முடிப்பான். நாகர்கோவில்காரன், நல்ல உயரம். மனைவி பிரிந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. 'நீ என்னோட சேர்ந்து வயசாக மாட்டேங்கிற' என்பதுதான் அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்ன காரணம் என்று தாட்சாயணியே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். வேலவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூடிகள் இறங்கும் முன் இரண்டு பேரும் பக்கத்துப் பெட்டிகளில் படுத்தபடி ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். பாதியில் மூடி இறங்கும். அங்கே போய்த் திறக்கும்போது அந்தப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். வேலவனுக்கு நடுவில் ஒரு முழு நாள் போயிருக்கும். குக்கர் வைத்து, துணி காயப்போட்டு, மகளோடு சண்டை போட்டு, தூங்கி எழுந்திருப்பான். அவர்களுக்கு நடுவில் எதுவுமே இல்லை. அவள் கண் மூடும்போது கடைசியாகக் கேட்பது எட்வின் குரல். கண் திறந்ததும் முதலில் கேட்பதும் அதே குரல். இதை நினைக்க ஆரம்பித்த பிறகு அவனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது வருஷத்தில் அவளுடைய நாலரை வருஷம் நின்றுபோயிருந்தது. அவனுக்கு நாற்பத்தைந்து. அவளுக்குச் சான்றிதழில் நாற்பத்தொன்று, உடம்பில் முப்பத்தாறரை. எட்வினுக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த வருஷம் பங்குனி மாதம் கம்பெனி முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு. மேடையேறி மணமக்களோடு நிற்கும்போது எட்வினும் வந்து சேர்ந்துகொண்டான். புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, வேலவனைப் பார்த்துக் கையசைத்தார்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. இவங்க ரெண்டு பேரையும் ஜோடியா ஒண்ணு எடுத்துடறேன்."

தாட்சாயணி, "அய்யோ, இவர்தாங்க என் வீட்டுக்காரர்" என்று சிரித்தாள். எட்வினும் சிரித்தான். புகைப்படக்காரர் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். வேலவனும் சிரித்தான். அதற்குள் அவன் ஒரு அடி தள்ளி நின்றிருந்தான் என்பதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அதற்கப்புறம் வெளியிடங்களில் அவன் அவள் பக்கத்தில் நிற்பதில்லை. வண்டியை எடுத்து வருகிறேன் என்பான், போன் வந்திருக்கிறது என்பான்.

பத்து நாள் கழித்து, பராமரிப்புக்காக விமானம் கொட்டகைக்கு வந்தபோது, பதினேழாம் பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினான்.

பெட்டிக்கு ஆழம் என்று ஒன்று உண்டு. முழு ஆழத்தில் உடம்பு நிற்கும். ஆழம் குறைந்தால் வெறும் தூக்கம்தான். உடம்பு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். அவன் ஆழத்தைக் குறைத்து, வெளித் திரையில் முழு ஆழம் என்றே காட்டும்படி செய்தான். உயிருக்கு ஆபத்து இல்லை என்று மூன்று முறை சரிபார்த்தான். உடம்புக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் தனியாக ஓடும். மூச்சுக்குக் குறை இல்லை. 'நான் யார்கிட்டயும் எதையும் பிடுங்கல. பூமியில இருக்கற எல்லாருக்கும் ஆகற வயசு இவனுக்கும் ஆகட்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பலகையை மூடினான். திருகுகளைக் கை தவறாமல் முடுக்கினான். அதுதான் பின்னால் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது வாரம் எட்வின் அவனைத் தேடி வந்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"வேலவன் சார், ஒரு சந்தேகம். பெட்டியில இருந்து எழுந்தா தாடி முளைச்சிருக்கு. இடுப்பு பிடிச்சிருக்கு. கொலைப்பசி பசிக்குது. முன்னாடி இப்படி இருந்ததில்லையே?"

"சில உடம்புக்கு அப்படி இருக்கும், சார். ரொம்ப வருஷம் போறவங்களுக்கு வரும். பயப்படாதீங்க."

"நீங்க சொன்னா சரிதான்" என்றான் எட்வின். நம்பிக்கையோடு போனான்.

அந்த நம்பிக்கையைத்தான் வேலவனால் தாங்க முடியவில்லை. மூடி இறக்கும் வேலையிலிருந்து கொட்டகைப் பழுதுபார்ப்புக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். இனி எட்வின் முகத்தை அருகில் பார்க்க வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பிறகு எட்வினிடமிருந்து எந்தப் புகாரும் வரவில்லை. பழகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்றரை வருஷம் ஓடியது. எப்போதாவது வாகன நிறுத்தத்தில் எட்வினைத் தூரத்திலிருந்து பார்ப்பான். காதோரம் வெளுத்தது போலிருக்கும். தோள் கொஞ்சம் தளர்ந்தது போலிருக்கும். அப்படிப் பார்த்துவிட்டு வருகிற நாட்களில் வீட்டில் பாட்டு முணுமுணுப்பான். வீட்டிலும் நிலைமை தேவலை. தாட்சாயணி முன்பெல்லாம் ஊரிலிருந்து வந்த வேகத்தில் சூட்கேஸைப் பிரித்து, மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். இப்போது வந்ததும் அவன் பக்கத்தில் சோபாவில் சாய்ந்து முதுகைப் பிடித்துவிடச் சொன்னாள். "வயசாகுதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். கம்பெனியில் வேலை அதிகம் போல என்று அவனும் பிடித்துவிட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, மருத்துவப் பிரிவிலிருந்து அவன் மேஜைக்கு ஒரு சீட்டு வந்தது. தொடர்ந்து பெட்டியில் போகிறவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உடல்வயதைப் பரிசோதிப்பார்கள். சீட்டில் மூன்றே வரி.

'பெட்டி 17. ஒதுக்கீடு பெற்ற பயணியின் உடல்வயது கடந்த பதினெட்டு மாதங்களாக நாட்காட்டியோடு சமமாக ஓடியுள்ளது. பெட்டியைப் பரிசோதித்து அறிக்கை தரவும். பயணி: தாட்சாயணி வேலவன்.'

எண்ணைத் திரும்பப் படித்தான். பெயரைத் திரும்பப் படித்தான். கணினியில் பயணிகள் பட்டியலைத் திறந்து பின்னோக்கிப் போனான். அவன் பலகையைக் கழற்றிய ஐந்தாவது வாரத்திலிருந்து, ஒவ்வொரு பயணத்திலும் பதினாறில் எட்வின். பதினேழில் தாட்சாயணி.

தான் செய்த பாவம் தன் மனைவி மேல் விழுந்திருக்கிறது என்று நல்ல மனிதனுக்கு முதலில் தோன்றியிருக்கும். வேலவனுக்கு முதலில் தோன்றியது வேறு. எட்வின் கஷ்டப்படுகிறான் என்று தெரிந்து தன் பெட்டியை அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவனுக்காகத் தன் வயதையே விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஒன்றரை வருஷம்! நெஞ்சுக்குள் எதுவோ பற்றி எரிந்தது.

அன்று புதன்கிழமை. விமானம் பத்து மணிக்கு இறங்கியது. தாட்சாயணி நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். எட்வின் வழக்கம்போல வருகைப் பகுதியின் காப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வேலவன் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். காதோரம் ஒரு முடி கூட வெளுத்திருக்கவில்லை.

"என் பொண்டாட்டி உங்களுக்கு எதுக்கு சார் பெட்டியை மாத்திக் குடுத்தா?"

எட்வின் காப்பியைக் கீழே வைத்தான். "தெரிஞ்சு போச்சா? நான் அப்பவே சொன்னேன், உங்ககிட்ட சொல்லிடலாம்னு."

"எதுக்குன்னு கேட்டேன்."

"அவங்க எனக்குக் குடுக்கல, சார். என்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டாங்க." அவன் குரலில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. "தாடி முளைக்குது, பசிக்குதுன்னு அவங்ககிட்டயும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம், 'அந்தப் பெட்டியில உடம்பு நிக்கல, எட்வின். அதை எனக்குக் குடுத்துடுங்க'ன்னாங்க. நான் புகார் குடுக்கலாம்னேன். கையெடுத்துக் கும்பிட்டாங்க சார். 'புகார் குடுத்தா சரி பண்ணிடுவாங்க. எனக்கு இது வேணும். என் வீட்டுக்காரருக்கு நரைக்குது, எனக்கு நரைக்கல. வெளியில போனா என் பக்கத்துல நிக்கவே மாட்டேங்கறார்'ன்னு சொன்னாங்க."

வேலவனின் கை தன் காதோர நரைக்குப் போனது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதானே சார் பெட்டியை ரிப்பேர் பண்றவர்? தெரிஞ்சா சரி பண்ணித்தானே ஆகணும்? உங்களுக்கு தர்மசங்கடம் வேண்டாம்னாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேலவன் ஒன்றையே யோசித்தான். சீட்டுக்குப் பதில் எழுதுவது சுலபம். 'உணர்கருவிக் கோளாறு, மாற்றப்பட்டது' என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். அவனைச் சந்தேகிக்க ஒருவரும் இல்லை. மனைவிக்கும் கோபம் வராது. அவள் விரும்பியதுதான் நடந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் நல்லதாகவே முடிந்துவிடும்.

அவள் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்வின் அதற்குள் போன் செய்திருக்க வேண்டும். திருட்டுத்தனம் பிடிபட்ட சிறுமி போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கோபமா?"

"ஏன் தாட்சா இப்படிப் பண்ணினே?"

"உட்காருங்க, சொல்றேன்." மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க மேல எனக்குப் பொறாமைங்க. ரொம்ப நாளா. முகைக்குக் காய்ச்சல் வந்தா 'அப்பா'ன்னுதான் முனகறா. அவ முதல் தடவை சைக்கிள் ஓட்டினது, பல்லு விழுந்தது, பெரியவளானது எல்லாத்தையும் நான் போன்லதான் பார்த்தேன். நீங்க முழுசா ஒன்பது வருஷம் அவகூட இருந்தீங்க. எனக்குப் பாதிதான் கிடைச்சுது. மீதிப் பாதியை எந்த வங்கியிலயும் போட்டு வைக்கல, தொலைஞ்சு போச்சு. இளமையா இருக்கேனாம்! பார்க்கறவங்க எல்லாம் 'குடுத்து வச்சவ'ங்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

அவன் தலை குனிந்திருந்தான்.

"நரைச்ச முதல் முடியைப் பார்த்தப்போ எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? வீட்டு மனுஷி ஆயிட்டேன்னு தோணுச்சு. கடவுளே பார்த்துதான் அந்தப் பெட்டியைக் கெடுத்திருக்கார்னு நெனச்சேன்."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தூரமாய்ப் போகிறவரை வேலவன் காத்திருந்தான்.

"கடவுள் இல்ல, தாட்சா. நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். கல்யாண மேடையிலிருந்து ஆரம்பித்து, அடிப்பலகை, எட்வின் கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்து நின்றது, தான் சொன்ன பொய், காலையில் காப்பிக் கடை வரை, எதையும் விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் வேறு யாருடையதோ போல ஆனது.

"எட்வினுக்கா செஞ்சே?"

பதினேழு வருஷக் கல்யாணத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆமா."

"அந்த ஆளு உன்னை நம்பி வந்து கேட்டிருக்காரு. அவர் முகத்தைப் பார்த்து பயப்படாதீங்கன்னு சொன்னியா?"

"ஆமா."

"அந்தப் பெட்டியில நான் படுத்துக்கிட்டது எனக்காக. என் வீட்டுக்காக. நான் ஒருத்தியா முடிவு பண்ணின ஒரே விஷயம் அது. இப்போ பார்த்தா, நீ இன்னொருத்தருக்குத் தோண்டின குழியில போய்ச் சந்தோஷமா படுத்திருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "இந்த நரை என்னோடதா, உன் திருட்டோடதா? சொல்லு. எனக்குத் தெரியல."

அவள் சட்டையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வேலவன் அறிக்கை எழுதினான். உணர்கருவி என்ற சொல் அதில் இல்லை. விசாரணை நடந்தது. வேலை போனது; உரிமத்தை ஐந்து வருஷத்துக்கு நிறுத்தினார்கள். கொட்டகையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களில் பலருடைய சொந்தக்காரர்கள் பெட்டியில் போகிறவர்கள். எட்வின் வழக்கு எதுவும் போடவில்லை. விசாரணை அறைக்கு வெளியே ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அந்த நாலு வாரத்துல நான் உள்ளேயே செத்திருந்தா, உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் சார்?"

ஆபத்து இல்லை என்று மூன்று முறை சரிபார்த்தேன் என்று சொல்ல வேலவன் வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை. எட்வின் திரும்பி நடந்தான்.

வீட்டில் இரண்டு மாதம் தேவைக்கு மட்டும் பேச்சு. நறுமுகைக்கு விஷயத்தை வேலவனே சொன்னான். பத்தாம் வகுப்புப் பெண், எழுந்து போய் அம்மாவின் அறையில் படுத்துக்கொண்டாள். தாட்சாயணி யார் வீட்டுக்கும் போகவில்லை, அவனைப் போகவும் சொல்லவில்லை. அந்த 'நீ' மட்டும் மாறவே இல்லை.

தை பிறந்ததும் அவள் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். இனி வாரம் ஒரு முறைதான் போவாள். பெட்டியில் போகமாட்டாள், இருக்கையில் உட்கார்ந்துதான் போவாள். களைத்து வந்து இறங்குகிறவளால் முன்போல வேலை செய்ய முடியாது என்று அவர்கள் பதவியைக் குறைத்தார்கள். சரி என்றாள். பழுது பார்த்த பதினேழாம் பெட்டியில் இப்போது யாரோ ஒரு மருந்துக் கம்பெனி ஆள் போகிறார்.

முதல் இருக்கைப் பயணம் ஒரு திங்கள்கிழமை காலை. வேலவன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். மாலை ஐந்து மணிக்கு அவன் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் பெயர். பத்துப் பதினோரு வருஷத்தில் அவள் வானத்திலிருந்து ஒருமுறை கூடக் கூப்பிட்டதில்லை. அந்த நேரங்களில் அவள் எங்குமே இருந்ததில்லை. ஈரக் கையோடு எடுத்தான்.

"எங்க இருக்கே?"

"ஆப்பிரிக்கா மேலன்னு திரையில காட்டுது. கீழ ஒண்ணும் தெரியல, ஒரே மேகம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. இவ்வளவு தூரம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். விமானத்தின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே, மிக அருகில், ஒரு ஆண் சிரிக்கும் குரல். தாட்சாயணி தமிழில் அவரிடம் ஏதோ சொன்னாள். மறுபடி சிரிப்பு.

வேலவனுக்குள் பழைய நெருப்பு அப்படியே எழுந்தது. ஒரு குறையும் இல்லாமல், அதே சூட்டோடு. அவன் மூச்சு மாறியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"கேளு" என்றாள்.

"எதை?"

"கேக்கணும்னு உனக்கு இப்போ எது தோணுதோ, அதை."

பாத்திரத்தில் அரிசி களைந்த தண்ணீர் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. வேலவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான். விழுங்க நேரம் பிடித்தது.

"கால் நீட்ட முடியுதா உன்னால?" என்று கேட்டான்.

"முடியல" என்றாள் அவள். போனை அவள் வைக்கவில்லை.